பழைய ஓவர்கிளாக் கம்ப்யூட்டர் தடுமாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூன் பிறந்து செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும். அதுவரை எப்படியோ ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணத் தொடங்கும். பெரும்பாலும் ஒரே ரகம்தான். 2011க்கும் 2015க்கும் நடுவில் கல்யாண ஆல்பத்துக்கோ பிளெக்ஸ் டிசைனுக்கோ வாங்கியவை. உள்ளே ஐ5 2500கே, ஐ7 4790கே, இல்லையென்றால் ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350 இருக்கும். வாங்கிய காலத்தில் அசெம்பிள் செய்தவரோ அக்கா பையனோ பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) போய் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார். இன்று அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஓவர்கிளாக் செய்த மெஷின் என்பதே தெரியாது.

அன்று 1.30 வோல்ட்டில் தடுமாறாமல் நின்ற 4.7 கிகாஹெர்ட்ஸ் பத்து வருஷம் கழித்து அதே வோல்ட்டில் நிற்பதில்லை. சிப்புக்கும் வயதாகிறது, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பாகங்களுக்கும் வயதாகிறது. இந்த நிலையில் வோல்ட்டைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் ஓடும், அப்புறம் மதர்போர்டோடு போகும். நான் வேகத்தைத்தான் குறைக்கச் சொல்வேன். கீழே சொல்லும் எல்லாவற்றிலும் அதுதான் அடிப்படை.

## எதையும் கழற்றும் முன்

முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். தடுமாறும் மெஷினிலேயே காப்பி எடுப்பது ஆபத்து. காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது. முடிந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

அடுத்து பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடியுங்கள். அப்புறம் 'லோடு ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுங்கள், எல்லாம் கம்பெனி அமைப்புக்குத் திரும்பிவிடும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டிஃபால்ட் கொடுத்ததும், டிஸ்கோடு மதர்போர்டு பேசும் முறையான சாட்டா மோடும் மாறிவிடக்கூடும். முன்பு ஏஹெச்சிஐ இருந்ததா, ரெய்டு இருந்ததா, ஐடிஇ இருந்ததா என்று உங்கள் படத்தைப் பார்த்து அதையே திரும்ப வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் ஏறாது, 'இருந்ததும் போச்சே' என்று பதறுவீர்கள்.

இன்னொன்று. சில மதர்போர்டுகளில் டிஃபால்ட்டிலேயே 'மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்' என்ற வசதி ஆன் ஆகியிருக்கும். 4790கே சிப்பில் நாலு கோரும் (கணக்குப் போடும் பகுதிகள்) சேர்ந்து ஓடும்போது இன்டெல் கொடுத்த வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். இந்த வசதி அதை 4.4க்கு ஏற்றிவிடும். அதுவும் ஓவர்கிளாக்தான். அணைத்துவிடுங்கள்.

இப்படியே இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையைப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் காசு செலவில்லாமல் காரணம் தெரிந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## வேலை ஏறியதும் பட்டென்று அணைகிறது

ப்ளூ ஸ்கிரீன் எதுவும் வராது. வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது மின்சாரம் போன மாதிரி அணையும், அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை.

முதலில் சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராம் போட்டு, வேலை ஓடும்போது வெப்பத்தைப் பாருங்கள். 4790கே 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணையும். எஃப்எக்ஸ் சிப்புகளுக்கு வரம்பே 60 சொச்சம்தான். அதில் 70 காட்டினால் சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது.

சூடு கூடுதல் என்றால் சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஃபேனை எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். புளியரையில் ஒரு ஸ்டுடியோ மெஷினில் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. ஒரே துண்டாக உரித்து எடுத்தேன், சாம்பிராணி வாசம் அடித்தது. தினமும் சாயங்காலம் கல்லாவுக்குக் காட்டும் புகைதான் தூசியைப் பசையாக்கிப் பிடித்து வைத்திருந்தது. பிளெக்ஸ் பிரின்டிங் கடைகளில் இங்க் ஆவி இதே வேலையைச் செய்யும். வெறும் ப்ளோயருக்கு அது வராது, பெயின்ட் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். எஃப்எக்ஸ் சிப் என்றால் ஹீட் சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டோடு சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்கை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல் என்றால் மாட்டிய பிறகு நாலு கால்களும் மதர்போர்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கால் இறங்காமல் விட்டாலே 20 டிகிரி கூடக் காட்டும்.

சூடு சரி, ஆனாலும் அணைகிறது என்றால் யுபிஎஸ். ஆரியங்காவிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, உங்க கடையில நல்லா ஓடுது. எங்க கடைக்குப் போனா எக்ஸ்போர்ட் போட்ட அஞ்சாவது நிமிஷம் அணையுது." மூன்றாவது தடவை நானே பஸ் ஏறிப் போனேன். மேஜைக்கு அடியில் 600 விஏ யுபிஎஸ். அந்த ரகம் பொதுவாக 360 வாட்டுக்கு மேல் தாங்காது. அதில் கம்ப்யூட்டரும் இரண்டு மானிட்டரும் செருகியிருந்தன. கிராபிக்ஸ் கார்டு போட்ட ஓவர்கிளாக் மெஷின் முழு வேலையில் தனியாகவே 300 வாட்டைத் தாண்டும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் யுபிஎஸ் உள்ளே ரிலே 'டிக்' என்று தட்டி பேட்டரிக்கு மாறும். பேட்டரிக்கு வயது நாலு. அந்த டிக்கில்தான் மெஷின் அணைந்துகொண்டிருந்தது. சில எஸ்எம்பிஎஸ்களுக்கு மலிவு யுபிஎஸ் பேட்டரியில் கொடுக்கும் படிக்கட்டு அலை கரண்ட்டே ஒத்துவராது.

சோதனை எளிது. யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகி அதே வேலையை ஓட்டுங்கள். அணைவது நின்றால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள், மானிட்டரை வேறு பிளக்குக்குக் கொண்டுபோங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. அது கம்ப்யூட்டர்க்காரர் வேலையில்லை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கணவாய்க்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் பழைய கட்டடங்களில் மூன்றாவது ஒயர் பெயருக்கு மட்டுமே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கம்ப்யூட்டரில் காட்டும் 12 வோல்ட் ரீடிங்கை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, காலியாக இருக்கும் நாலு பின் கனெக்டரில் மஞ்சளிலும் கறுப்பிலும் வைத்து, வேலை ஓடும்போது அளங்கள். 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது. சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். வேலை ஏற ஏற எண் சரிந்துகொண்டே போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். நல்ல ரீடிங் வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரை எடுக்கும் கரண்ட் தங்கியிருக்கும். அதேபோல மதர்போர்டில் சிபியுவுக்குப் போகும் 8 பின் கனெக்டர் பழுப்பேறியிருந்தாலோ பிளாஸ்டிக் கருகிய வாசம் வந்தாலோ திரும்ப ஆன் செய்ய வேண்டாம். அப்படியே சிப் லெவல் வேலை (போர்டில் இருக்கும் சின்னப் பாகங்களைக் கழற்றி மாற்றுவது) பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அணையவில்லை, ஆனால் நடு வேலையில் மாடு படுத்த மாதிரி ஆகிறது

எஃப்எக்ஸ் மெஷின்களில் அதிகம். வேலை ஏறிய கொஞ்ச நேரத்தில் வேகம் 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு விழும், திரும்ப ஏறும், விழும். சிபியு சூடு சரியாக இருக்கும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கரண்ட் கொடுக்கும் சின்னக் கறுப்புச் சில்லுகள்தான் கொதிக்கும். மலிவு போர்டுகளில் அவற்றின்மேல் ஹீட் சிங்க்கூட இருக்காது. அங்கே காற்றுப்படும்படி ஒரு சின்ன ஃபேன் கட்டுங்கள், ஓவர்கிளாக்கை முழுவதும் எடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தப் போர்டு அந்தச் சிப்புக்குப் போதாது. பணம் செலவழிக்க வேண்டாம்.

## ப்ளூ ஸ்கிரீன் வருகிறது

திரையின் கீழே இருக்கும் பெயரையோ எண்ணையோ போனில் படம் எடுத்துவிடுங்கள். எந்த வழியில் போவது என்று அதுதான் சொல்லும்.

கடைசியில் 124, அல்லது 'வீயா அன்கரெக்டபிள் எரர்'. ஓவர்கிளாக் மெஷினில் இது வந்தால் பத்தில் எட்டு முறை இருக்கும் வேகத்துக்கு வோல்ட் போதவில்லை. 101, அதாவது 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்', கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது.

மெஷின் விழுவதற்குப் பல நாள் முன்பே ஈவன்ட் வியூவரில் 'வீயா லாகர்' பெயரில் மஞ்சள் முக்கோணத்தோடு 19 என்ற எச்சரிக்கைகள் சேர ஆரம்பிக்கும். பிழை வந்தது, சிப் தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். ஸ்டுடியோக்காரர்களிடம் மாதம் ஒருமுறை இதைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் இவை நாலைந்து வந்திருந்தால், ஆல்பம் சீசன் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடலாம்.

குறைப்பது இப்படி: பயாஸில் மல்டிப்ளையர் 47 (அதாவது 4.7 கிகாஹெர்ட்ஸ்) என்றால் 45 ஆக்குங்கள், வோல்ட்டைத் தொடாதீர்கள். ஒரு வாரம் வேலை பாருங்கள். கோளாறு நின்றால் சரி. நிற்காவிட்டால் 44. மெஷின் தடுமாறாமல் ஓடத் தொடங்கிய பிறகு வோல்ட்டை 0.01, 0.01 ஆக இறக்கிப் பார்க்கலாம், சூடும் இறங்கும். 4.7லிருந்து 4.4க்கு வந்தால் 100 நிமிட எக்ஸ்போர்ட் 107 நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடத்துக்காகவா ராத்திரி முழுக்க ஓடிய வேலை விடிகாலையில் விழ வேண்டும்?

4790கே, 4770கே வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வோல்டேஜ் 'அடாப்டிவ்' மோடில் இருக்கும்போது புதிய பிரைம்95 சோதனைப் புரோகிராமை ஓட்டாதீர்கள். நீங்கள் வைத்ததற்கு மேலேயே சிப் வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், சூடு எங்கேயோ போகும். உங்கள் வேலையிலேயே கனமான ஒரு எக்ஸ்போர்ட்டை இரண்டு மணி நேரம் ஓட்டுவது போதும்.

டிஃபால்ட்டிலும் 124 வருகிறது என்றால் சூடு, எஸ்எம்பிஎஸ் பார்த்து முடித்த பிறகு மிச்சமிருப்பது சிப் அல்லது மதர்போர்டு. சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா பாருங்கள். உப்பி மேடு தட்டியிருந்தாலோ அடியில் பழுப்புக் கறை கசிந்திருந்தாலோ சிப் லெவல் வேலை. கெபாசிட்டர் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும் போர்டுகள் உண்டு. போர்டே போய்விட்டது என்றால் அதே ரகத்தைத் தேடி செகண்ட்ஹேண்டில் வாங்காதீர்கள். அதுவும் இதே வயதுதான்.

1ஏ, 50, அல்லது 'மெமரி மேனேஜ்மென்ட்'. ரேம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

116. கிராபிக்ஸ் கார்டு. ஆஃப்டர்பர்னர் புரோகிராமில் கார்டின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் ரீசெட் கொடுங்கள். கார்டைக் கழற்றி, ஃபேனைச் சுத்தம் செய்து, பவர் கேபிளை அழுத்தி மாட்டுங்கள். மதர்போர்டிலேயே டிஸ்பிளே இருந்தால் கார்டு இல்லாமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் லோகோ வரும்போதே கோடு கோடாகத் தெரிந்தால் கார்டு முடிந்தது. அவனில் வைத்துச் சூடாக்கும் வைத்தியத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள், சில வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

7ஏ. டிஸ்க் அல்லது சாட்டா கேபிள். முதலில் கேபிளை மாற்றுங்கள்.

## சும்மா இருக்கும்போது ஹேங் ஆகிறது

எக்ஸ்போர்ட் எல்லாம் ஓடும். சாப்பிடப் போய்விட்டு வந்தால் மவுஸ் அசையாது. இந்த அறிகுறியைத்தான் பலரும் வைரஸ் என்று நினைத்து விண்டோஸ் ஏற்றுகிறார்கள், வீண்.

ஓவர்கிளாக் செய்தவர் வோல்ட்டை 'ஆஃப்செட்' முறையில் (கம்பெனி வோல்ட்டிலிருந்து கூட்டியோ குறைத்தோ வைப்பது) மைனஸில் வைத்திருந்தால், வேலை இல்லாத நேரத்தில் சிப்புக்குக் கிடைக்கும் வோல்ட் மிகவும் இறங்கிவிடும். டிஃபால்ட்டுக்கு வந்தால் இது தீரும். தீரவில்லை என்றால் 2013க்கு முன் வந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு 4790கே போன்ற சிப் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தலைமுறை சிப் தூங்கும்போது 12 வோல்ட்டில் மிகமிகக் குறைவாகவே கரண்ட் எடுக்கும். அவ்வளவு குறைவை அந்தக் கால எஸ்எம்பிஎஸ்கள் பலவும் எதிர்பார்க்கவில்லை. பயாஸில் சி6, சி7 என்ற தூக்க நிலைகள் இரண்டையும் அணைத்தால் போதும், எதுவும் வாங்க வேண்டாம். 2017இல் வந்த முதல் ரைசன் மெஷின்களிலும் இதே கோளாறு உண்டு. அதில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' ஆக்குங்கள்.

## காலையில் முதல் ஸ்விட்சில் எடுக்கவில்லை

சாரல் காலத்துக் கோளாறு இதுதான். ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. அல்லது இரண்டு மூன்று தடவை தானே அணைந்து எரிந்து அப்புறம் ஏறும். ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும்.

தேதி பின்னால் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால் சிமோஸ் செல், மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பழையதை மீட்டரில் அளந்து 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் இந்தச் செல் சீக்கிரம் தீரும்.

தேதி சரி என்றால் ரேமைக் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை இறக்கிய பிறகு. தங்க நிறக் கால்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிக் என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஈரம் கோத்த மாதிரி தெரிந்தால் கேபினெட்டைத் திறந்து டேபிள் ஃபேன் முன்னால் ஒரு மணி நேரம் வையுங்கள். முடி காயவைக்கும் டிரையர் வேண்டாம். ஈரச் சுவரை ஒட்டி, தரையிலேயே கேபினெட்டை வைத்திருந்தால் ஒரு மனைக்கட்டை மேலாவது தூக்கி வையுங்கள்.

இதற்கும் அசையாமல், எடுப்பதற்கு ஆகும் நேரம் வாரா வாரம் கூடிக்கொண்டே போனால் எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர் வற்றுகிறது. ஒருநாள் முழுதும் எடுக்காமல் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

## எதுவும் விழவில்லை, ஆனால் ஃபைல்கள் கெடுகின்றன

மேலே சொன்னவை எல்லாம் வேலையை நிறுத்தும். இது வேலையையே அழிக்கும். அதே புளியரை ஸ்டுடியோ, முந்தைய வருஷம். கல்யாணப் படங்களைக் கார்டிலிருந்து டிஸ்குக்குக் காப்பி செய்திருந்தார். தாலி கட்டும் படத்தைத் திறந்தால் மணப்பெண்ணின் நெற்றி வரை சரியாக இருக்கிறது, அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் பட்டை. திரும்பக் காப்பி செய்தால் அந்தப் படம் நன்றாக வருகிறது, வேறு இரண்டு படங்கள் கெடுகின்றன. மெஷின் ஒருமுறைகூட ஹேங் ஆனதில்லை.

சோதனை: உங்கள் ரேமைவிடப் பெரிய ஃபைல் ஒன்றை எடுங்கள். 16 ஜிபி ரேம் என்றால் 20 ஜிபி வீடியோ. 7-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் செய்து ஷா-256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) கணக்கிடலாம். மூன்று முறை கணக்கிடுங்கள். ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ரேம், அல்லது சிபியு. ஒவ்வொன்றுக்கும் எண் மாறாமல், மூலத்துக்கும் காப்பிக்கும் மட்டும் வித்தியாசப்பட்டால் காப்பி எழுதும் நேரத்தில் கெட்டிருக்கிறது. மெஷின் முழுவதையும் சந்தேகப்பட்டு, அந்த டிஸ்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் பார்க்கத் தொடங்குங்கள்.

ரேம் வழி: பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணையுங்கள். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் 1333 அல்லது 1600இல் ஓடட்டும். 2133, 2400 என்று 1.65 வோல்ட்டில் ஓட்டியது அன்றைக்குச் சரி. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒண்ணுதானே' என்று விடாதீர்கள். பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக அதே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். எல்லா ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் ஸ்லாட்டோ சாக்கெட்டோ, அது சிப் லெவல். பிற்பாடு வேறு கம்பெனி ரேமைச் சேர்த்து மாட்டியிருந்தால் சேர்த்ததைக் கழற்றிவிட்டு முதலில் சோதியுங்கள். புளியரையில் காரணம் அதுதான்.

பேஸ் கிளாக்: 2500கே, 2600கே மெஷினில் பயாஸில் பிசிஎல்கே என்று காட்டும் இந்த எண் 100இலேயே இருக்கிறதா பாருங்கள். அதை 104, 105 என்று தள்ளியிருந்தால் சாட்டாவும் பிசிஐ எக்ஸ்பிரஸும் சேர்ந்து வேகமாக ஓடும், டிஸ்கில் எழுதுவதே தப்பாகும். யோசிக்காமல் 100க்குக் கொண்டுவாருங்கள்.

டிஸ்க் வழி: டிஸ்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் சி7 எண் நாளுக்கு நாள் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். 05, சி5 எண்கள் ஏறினால் டிஸ்கையே மாற்றுங்கள். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே அணைத்து, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தகடு கீறப்படலாம்.

எல்லாம் செய்து முடித்து, அந்தப் பெரிய ஃபைலுக்கு மூன்று முறையும் ஒரே எண் வரும்வரை கேமரா கார்டுகளை ஃபார்மேட் செய்யாதீர்கள். புளியரைக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தார். கடன் வாங்கியாவது புதுக் கார்டு வாங்குங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ரேம் சரியான அன்று ராத்திரி அந்தப் பழைய கார்டுகளிலிருந்து திரும்பக் காப்பி எடுத்தோம். தாலி கட்டும் படம் முழுதாக வந்தது.